வாசல் தாண்டாத குரல்

பாயா ரெங்காஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்த முதல் நாள், பள்ளி விட்டு டோரிஸ் வீட்டுக்குக் கிளம்பியபோது அவளுடைய குரல் அவளோடு வரவில்லை. அது வகுப்பறையிலேயே தங்கிவிட்டது. பெருந்தொற்று ஓய்ந்து பள்ளிகள் திறந்த ஆண்டு அது. குளுவாங் சந்தையில் கோழி விலையும் மிளகாய் விலையும் ஒன்றாக ஏறியிருந்ததால் யாரும் இதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. சந்தையில் நின்று கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. எழுதி வைத்த விலையைப் பார்த்துத்தான் இந்தப் பெண் பேச்சற்று நிற்கிறாள் என்று நினைத்த சீனக் கிழவர் தானாகவே கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார். வீட்டில் அவளுடைய அப்பா வாலண்டைன், ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர், மகளின் உதடுகள் அசைவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னம்மா, தொண்டை கட்டிக்கிச்சா? மொத நாளே பிள்ளைங்ககிட்ட இவ்ளோ கத்துனா எப்படி?" என்று சொல்லிவிட்டு இஞ்சி தட்டிப்போட்டுத் தேநீர் கலக்கிக் கொடுத்தார். மறுநாள் காலை டோரிஸ் வகுப்பறை வாசலைத் தாண்டி உள்ளே காலை வைத்ததும் குரல் வந்து ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவளும் சொன்னாள். மதியம் வெளியே வந்தபோது மறுபடியும் இல்லை.

வழக்கம் தெரிந்தவள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்திய தனலெட்சுமி ஒருத்திதான். அவள்தான் முதல் நாள் காலையில் டோரிஸுக்குச் சூடம் காட்டியவள். புதிதாக வரும் ஆசிரியை யாராக இருந்தாலும் வகுப்பறை வாசலில் நிறுத்தி, ஒரு தட்டில் சூடம் ஏற்றி, "வாசல் தாண்டாம இருக்கட்டும் டீச்சரம்மா ஒங்க சத்தம்" என்று சொல்வது அந்தத் தோட்டத்து வழக்கம். வருகிறவர் சுடருக்கு மேல் கை நீட்டி, "இருக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். தனலெட்சுமிக்கு அவளுடைய மாமியார் சொல்லிக் கொடுத்தது. ஏன் என்று அவள் கேட்டதில்லை. கண் திருஷ்டிக்காக இருக்கும் என்று நினைத்திருந்தாள். டோரிஸ் கத்தோலிக்கப் பெண். சூடத்தில் கை வைக்கலாமா என்று ஒரு கணம் தயங்கினாள்தான். ஆனால் வியர்வை வழியும் முகத்தோடு ஒரு பெண் தட்டை ஏந்தி நிற்கும்போது மறுப்பது அழகில்லை என்று தோன்றியது. மரியாதைக்காகக் கை நீட்டினாள், மரியாதைக்காகவே "இருக்கட்டும்" என்றாள். மரியாதைக்காகச் சொல்லும் வார்த்தைகளை இறைவன் கணக்கில் வைப்பதில்லை என்று பங்குத்தந்தை பின்னர் அவளைத் தேற்றினார். அது உண்மையாகவே இருக்கலாம். வகுப்பறை வாசல்கள் அப்படியில்லை.

அந்த வார்த்தைகளை முதலில் சொன்னவள் கருப்பாயி. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போனார்கள். கருப்பாயியின் புருஷன் போனான், பள்ளிக்கூட வாத்தியாரும் போனார். இருவரும் திரும்பவில்லை. சண்டை முடிந்த பிறகு தோட்டத்தில் பிள்ளைகள் இருந்தார்கள், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாகப் பள்ளிக்கூடம் இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. எழுத்துத் தெரிந்த ஒரே ஆள், தாய்வீட்டில் அண்ணன் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து தலைகீழாகவே எழுத்துகளைக் கற்றுக்கொண்ட கருப்பாயி. அவள் காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு மதியம் வகுப்பெடுக்கிறேன் என்று கேட்டாள். தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் கங்காணிகளும் கோயிலடியில் கூடிப் பேசினார்கள். பொம்பளை வாத்தியாரா என்று சிலர் சிரித்தார்கள், தோட்டம் முழுக்கக் கேட்கும்படி ஒருத்தி சத்தம் போட்டால் நம் வீட்டுப் பெண்கள் என்ன ஆவார்கள் என்று சிலர் கவலைப்பட்டார்கள். முடிவில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். பரீட்சை எழுதி, பயிற்சி முடித்து, முறையான வாத்தியாராக வரும்வரை பெண்ணின் குரல் வகுப்பறை வாசலைத் தாண்டக் கூடாது. அவர்கள் சொன்னது அடக்க ஒடுக்கத்தை. கருப்பாயி உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி, "தாண்டாது" என்றாள். அதற்குப் பிறகு சாகும்வரை அவள் குரலை லயத்து வீடுகளில் யாரும் கேட்கவில்லை. பால் நிறுக்கும் இடத்திலும் கைச்சாடைதான். நிபந்தனை வைத்த மண்டோர் பயந்துபோய் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தார். அவர் சொன்னதை வாசல் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிறகு வந்த பெண்களுக்கும் அப்படியே நடந்தது. செல்லம்மா என்றொருத்தி சில காலம் படிப்பித்துவிட்டு, பயிற்சிக்குப் போகாமலே கல்யாணமாகிக் குளுவாங்குக்குப் போனாள். அவள் குரல் பள்ளியிலேயே நின்றுவிட்டது. யாரும் இல்லாத நேரங்களில் வகுப்பறையிலிருந்து அவளுடைய குரலில் ஏழாம் வாய்ப்பாடு கேட்கும். பிள்ளைகள் ஜன்னலோரம் நின்று அதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார்கள். அவள் புருஷன் நல்ல மனுஷன், ஆனால் தன் மனைவியின் குரல் எப்படியிருக்கும் என்று தெரியாமலேயே செத்தான். அவளுக்கு அடுத்து வந்த சந்திரமதிதான் முதன்முதலில் பயிற்சிக்குப் போனவள். சுதந்திரத்துக்குப் பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் பெண்களையும் எடுத்தன. சந்திரமதி கைகட்டி வாய்பொத்தி என்பார்களே, அப்படியே பாடங்களைக் கேட்டு, எல்லாவற்றையும் எழுதியே தேறினாள். சான்றிதழோடு பேருந்தில் திரும்பும்போது தோட்டத்து மண்சாலை திரும்பும் இடத்தில் குரல் எதிரே வந்து அவளிடம் சேர்ந்தது. அவள் சொன்ன முதல் வார்த்தை, "நிப்பாட்டுங்க அண்ணே, எறங்கணும்." அந்த ஓட்டுநர் அதைப் பல வருடங்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பின் பயிற்சி பெற்ற பெண்களே வந்தார்கள், வருடத்துக்கு வருடம் கூடுதலாக வந்தார்கள். ஆசிரியர் அறையில் ஆண்களுக்கு ஒரு மேசை மட்டும் மிஞ்சியது. சூடமும் அந்த வார்த்தைகளும் வரவேற்பாக மாறின. பயிற்சி பெற்றவர்களை அது ஒன்றும் செய்யவில்லை. அதனால் எல்லாரும் காரணத்தை மறந்தார்கள்.

டோரிஸ் பயிற்சி பெறாதவள். பட்டம் இருந்தது. செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எழுத்தர் வேலை பார்த்தாள். பேறுகால விடுப்பில் போன ஒரு டீச்சருக்குப் பதிலாக ஆள் தேவை என்று தேவாலயத்தில் யாரோ சொல்ல, வேலையை விட்டுவிட்டு வந்தாள். அந்த டீச்சர் திரும்பி வந்தபோது இன்னொருவர் மாற்றலாகிப் போனார், டோரிஸ் தொடர்ந்தாள். வெளியேற அவளால் முடியாது. பயிற்சி இல்லாமல் விலகினால் செல்லம்மாவின் கதிதான் என்று தோட்டத்துக் கிழவி ஒருத்தி பழைய நினைவு வந்து சொன்னாள். தலைமையாசிரியர் திருச்செல்வம், எல்லாவற்றுக்கும் கொஞ்சம் பயப்படும் நல்லவர், அவளைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். தம்போய்க்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தில் நேர்முகத் தேர்வு. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். டோரிஸ் வாயைத் திறந்தாள். அவர்கள் காத்திருந்தார்கள். அதில் ஓர் அம்மாள் எழுந்துபோய் வெந்நீர் கொண்டுவந்து வைத்து, பயப்படாதே என்பதுபோல் தோளைத் தொட்டார். டோரிஸ் தாளில் எழுதிக் காட்டினாள். அவர்கள் வருத்தத்தோடு படித்தார்கள். எழுத்து அழகாக இருக்கிறது, ஆனால் வகுப்பில் எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டு திருச்செல்வம் அவள் பாடம் நடத்துவதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு கூடவே வந்தார். பதிவில் டோரிஸின் உதடுகள் அசைந்தன, பிள்ளைகள் சத்தமாகப் பதில் சொன்னார்கள், கேள்வி கேட்ட குரலை மட்டும் காணவில்லை. "ஐயோ, நேத்து ராத்திரி கூடப் போட்டுப் பார்த்தேனே, இவ்ளோதான் கேட்டுச்சு, செட்டிங் பிரச்சனைன்னு நெனச்சேன்" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது.

அதுவரை வீட்டில் சமாளிக்க முடிந்தது. டோரிஸின் அம்மா காலமாகி வெகு நாளாயிற்று, அப்பாவும் மகளும்தான். மகள் கைப்பேசியில் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் தட்டிக் காட்டுவாள், அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வார். "என்னா லா, ஒங்கம்மா பேசாம இருக்கணும்னு நான் எவ்வளவோ வேண்டிக்கிட்டேன், தப்பான ஆளுக்குப் போய்ச் சேர்ந்திருச்சு" என்று கேலிகூடச் செய்வார். இரண்டு பேரும் சிரிப்பார்கள், ஒருவர் சத்தமாக. ஆனால் இனிப்புநீர், சர்க்கரை வியாதி, அவர் கண்களைத் தின்னத் தொடங்கியது. எழுத்துகளை இன்னும் பெரிதாக்கினாள். ஒரு திரைக்கு ஒரு வார்த்தை, பிறகு ஒரு எழுத்து. மழைக்கால முடிவில் அதுவும் போயிற்று. அவள் அவர் கையை ஒரு முறை அழுத்தினால் ஆம், இரண்டு முறை அழுத்தினால் இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களில் ஒரு மகள் அப்பாவிடம் சொல்லக்கூடியது மிகவும் குறைவு. வெளியே மழை வருகிறது என்று சொல்ல முடியாது. இன்றைக்குப் பிள்ளைகள் என்ன குறும்பு செய்தார்கள் என்று சொல்ல முடியாது. பயப்படாதீர்கள், நான் இங்கேதான் இருக்கிறேன் என்பதைச் சொல்ல முடியாது.

கண்ணுக்குப் பிறகு சிறுநீரகம், அதோடு ஞாபகம். வாரத்தில் மூன்று காலை வேளைகள் இரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் படுத்திருந்துவிட்டு வருவார். அந்த நாட்களில் காலையில் உள்ளூர்க் கட்சிக்காரர்கள் நோயாளிகளுக்காக விடும் வேன் கூட்டிப்போகும், மதியம் டோரிஸ் போய் அழைத்து வருவாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து கஞ்சி ஊட்டியபோது அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, மிகப் பணிவாக, "தெரிமா காசே, கக்காக்" என்று மலாயில் நன்றி சொன்னார். வீட்டு வேலைக்கு வரும் இந்தோனேசியப் பெண்களைக் கக்காக், அக்கா, என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். டோரிஸ் அவர் கையை இரண்டு முறை அழுத்தினாள். இல்லை. அவர் புரிந்துகொள்ளவில்லை. அன்றிலிருந்து அவள் அந்த வீட்டில் கக்காக் ஆனாள். அவர் தனக்குத் தெரிந்த ரயில்வே மலாயில் அவளிடம் மனம் விட்டுப் பேசினார். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், டீச்சர், நல்லவள்தான், என்ன கோபமோ, என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள், எப்போது வருவாள் என்று தெரிந்தால் சொல் கக்காக். டோரிஸ் அவர் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். அழுகைக்கும் அவளுக்குச் சத்தம் இல்லை. கண்ணீர் மட்டும் இருந்தது, அதை அவரால் பார்க்க முடியாது. இந்த உலகத்தில் அவள் கேட்டது ஒன்றுதான்: அவர் முழுவதுமாக மறப்பதற்குள் தன் குரலை அவர் ஒரு தடவை கேட்க வேண்டும்.

அவரை வகுப்பறைக்கே கூட்டிக்கொண்டு போவது என்ற யோசனை தனலெட்சுமிக்குத்தான் வந்தது. நடந்ததெல்லாம் தன்னால்தான் என்று அவள் மறுகிக்கொண்டிருந்தாள். வெளியாளை வகுப்பில் உட்காரவைத்தால் மேலிடத்தில் என்ன சொல்வார்களோ என்று திருச்செல்வம் பயந்தார். "சார், அந்த மனுசன் வெளியாள் இல்ல, புதுசா சேர வந்த பிள்ளைன்னு வச்சுக்குங்க" என்றாள் அவள். "அவருக்கு எழுபது வயசும்மா!" "அதனால என்னா சார், நம்ம பள்ளியில சேர்க்கை கொறைவுன்னு நீங்கதானே பொலம்புறீங்க." திருச்செல்வம் வாய்விட்டுச் சிரித்து, பயத்தோடேயே சம்மதித்தார். ஒரு சனிக்கிழமை, விட்டுப்போன நாளுக்கு ஈடாகப் பதிலீட்டு வகுப்பு நடக்கும் நாளில், வாலண்டைனைத் தனலெட்சுமியின் மகன் வேனில் கொண்டுவந்து இறக்கினான். பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். ஒரு சிறுமி நகர்ந்து இடம் விட்டாள். எழுதவேண்டும் என்றால் பென்சில் வேண்டுமே என்று தன்னுடையதை இரண்டாக உடைத்துப் பாதியை அவர் கையில் வைத்தாள். டோரிஸ் வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். குரல் வந்தது. "அப்பா," என்றாள். "அப்பா, நான்தான். டோரிஸ்."

அவர் முகத்தைத் திருப்பினார். குரல் வந்த திசையைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தார். "டீச்சருங்களா? நல்லா கணீர்னு இருக்குங்க ஒங்க சத்தம். என் மகளும் டீச்சர்தான். அவளைத் தெரியுமா ஒங்களுக்கு?" டோரிஸ் மறுபடியும் சொன்னாள். அவர் தலையாட்டி, "ஆமாங்க, டோரிஸ்தான் பேரு. பார்த்தா வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றார். பின்னால் நின்ற தனலெட்சுமி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அத்தனை ஆண்டுகள் காத்திருந்த குரல் அவரை அடைந்து, அவருக்குள் எங்கும் இடம் கிடைக்காமல் திரும்பி வந்தது. டோரிஸ் கரும்பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, பிள்ளைகள் காத்திருந்ததால், பாடத்தைத் தொடங்கினாள். அன்றைக்கு எடுத்தது வீட்டு விலங்குகள். வாலண்டைன் கையை உயர்த்தி ஆட்டைப் பற்றி ஒரு பதில் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள். வெகு காலத்துக்குப் பிறகு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஆண்டு முடிவில் பள்ளியை மூடினார்கள். மூடினார்கள் என்றும் சொல்ல முடியாது. தோட்டத்தில் பிள்ளைகள் இல்லாததால் பள்ளியின் பெயரையும் உரிமத்தையும் நகரப் பக்கம், வீடமைப்புப் பகுதிகள் பெருகிய இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே புதுக் கட்டடம், பயிற்சி பெற்ற ஆசிரியைகள், பிள்ளைகளும் நிறைய. அது நல்ல காரியம், யாரும் அதைக் குறை சொல்லவில்லை. டோரிஸுக்கு அங்கே இடம் இல்லை, வயது வரம்பும் கடந்திருந்தது. கடைசி நாள் வகுப்பறையை விட்டு வெளியே வரும் முன் அவள் வாசலில் நின்று என்னவெல்லாமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மழை பெய்கிறது, சட்டை ஈரமாக இருக்கிறது, சாப்பிட்டீர்களா, மெதுவாக நடங்கள் என்று. இனி சொல்ல முடியாதவற்றை அங்கேயே சொல்லித் தீர்த்துவிடப் பார்த்தாள். பிறகு காலை எடுத்து வெளியே வைத்தாள். புது வருடத்தில் தோட்டத்துக்காரர்கள் பழைய கட்டடத்தைப் பிரித்துப்போட்டுச் செம்பனை நட்டார்கள்.

செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள். தனலெட்சுமி வெறும் மண்ணில் நின்று மறுபடியும் சூடம் ஏற்றி, "தாண்டட்டும் தாயே, நான் தெரியாம செஞ்சது" என்று கும்பிட்டாள். பங்குத்தந்தை நற்கருணை வைத்து ஆசீர்வதித்தார். மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, குரல்வளை எல்லாம் பூப்போல இருக்கிறது என்றார். பிரித்த பலகைகளில் ஒன்றைத் திருச்செல்வம் யாருக்கும் சொல்லாமல் தன் காரில் ஏற்றிக் கொண்டுவந்து, "ஒருவேளை இதுல இருந்தா?" என்று தயங்கித் தயங்கி டோரிஸின் வீட்டு வாசலில் இறக்கினார். அதைச் சுவரில் சாய்த்து வைத்துக் காத்திருந்தார்கள். பலகை பலகையாகவே இருந்தது. டோரிஸ் ஒரு சலவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே இயந்திரங்களின் இரைச்சலில் யாருக்குமே குரல் தேவைப்படவில்லை. காலையில் கஞ்சி, மருந்து, துடைத்து உடுத்துதல், பிறகு வேலை, பிறகு மறுபடியும் கஞ்சி. ஜெபமாலை சொல்லும்போது உதடுகள் அசையும். இறைவனுக்கு உதடுகளே போதும் என்று நம்பினாள். தன் அப்பாவுக்குப் போதவில்லையே என்று மட்டும் அவரிடம் முறையிட்டாள்.

தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, கஞ்சிக் கிண்ணத்தோடு அவள் சமையலறையிலிருந்து வந்தபோது வாலண்டைன் சாப்பாட்டு மேசை முன்னால் முதுகை நிமிர்த்தி, கைகளைக் கட்டி உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றார். அவர் மனம் எந்த வழியாகவோ சுற்றி அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்பிப் போயிருந்தது. "வணக்கம், டீச்சர்," என்றார்.

"வணக்கம். உட்காருங்க," என்றாள் டோரிஸ்.

கிண்ணத்தை வைத்துவிட்டு அவளே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கருப்பாயி சூடத்தின் மேல் சொன்னது வகுப்பறை வாசலைத்தான். வகுப்பறை என்றால் பலகையும் தகரமும் என்று அவள் சொல்லவில்லை. ஒருவர் கற்றுக்கொள்ள எழுந்து நின்றால் அந்த இடம் வகுப்பறைதான், அவ்வளவு நேரமும் அங்கே குரல் உண்டு. எட்டுவரை எண்ணச் சொன்னாள், எண்ணினார். நாட்களின் பெயர்களைக் கேட்டாள், வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டார், திருத்தினாள். இந்த மாத்திரை எதற்கு என்று பாடமாகவே கேட்டாள், அவர் பாடமாகவே சொல்லி விழுங்கினார். பாடம் முடிந்து அவர் நாற்காலியில் சாய்ந்ததும் குரல் நின்றது. அதன்பின் ஈரத் தரையைப் பார்த்து நடங்கள் என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை. ஆகையால் நடப்பதையும் ஒரு பாடமாக வைத்தாள். அப்படியே மழை, ஈரச் சட்டை, சாப்பாட்டு ருசி, தலைவலி எல்லாம் பாடங்களாயின. தான் மகள் என்பதை மட்டும் அவள் பாடமாக வைக்கவில்லை. ஒரு தடவை அந்த வகுப்பறையில் சொல்லிப் பார்த்தவளுக்கு, இரண்டாம் முறை அந்தப் புன்னகையைத் தாங்கத் தெம்பில்லை.

சுத்திகரிப்பு மையத்தில் ஊசி குத்தும்போது அவர் கைகால்களை உதறத் தொடங்கியதால், டோரிஸ் கடையில் நேரத்தை மாற்றிக்கொண்டு கூடவே போய் உட்கார்ந்தாள். அங்கேயும் அவர் "வணக்கம் டீச்சர்" என்றார், அங்கேயும் குரல் வந்தது. பக்கத்துப் படுக்கையில் இருந்த லிம் மாமா, என்ன இது, சும்மாவே படுத்திருக்கிறோம், எங்களுக்கும் சொல்லிக்கொடு என்றார். எதிர்ப் படுக்கை பாக்சிக் ரம்லி, பாசிர் கூடாங்கில் கப்பல் வேலை பார்த்த மலாய்க்காரப் பெரியவர், தானும் உண்டு என்றார். தாதிகளுக்கு ஆட்சேபம் இல்லை, நோயாளிகள் அசையாமல் இருந்தார்கள். வாரத்தில் மூன்று காலை வேளைகளில், இயந்திரங்கள் இரத்தத்தை வாங்கிக் கழுவித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்க, அந்த அறையில் தமிழ் வகுப்பு நடந்தது. பயிற்சி பெறாத ஆசிரியை, சான்றிதழ் இல்லை, சம்பளம் இல்லை. குளுவாங்கில் அதைப் பற்றி யாரும் வியந்து பேசியதாகத் தெரியவில்லை. அந்த மையத்துக்குப் போனால் அங்கே ஒரு டீச்சர் இருக்கிறார் என்று மட்டும் சொல்வார்கள்.

ஒரு நாள் அங்கே பாடம் குடும்பம். உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று டோரிஸ் ஒவ்வொரு படுக்கையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். "மனைவி," என்றார் லிம் மாமா. "மனைவி ரொம்ப சத்தம் லா, டீச்சர்." எல்லாரும் சிரித்தார்கள். பிறகு வாலண்டைனின் முறை.

"என் மக இருக்கா டீச்சர். டோரிஸ்."

டோரிஸ் அவர் படுக்கைக்கு இன்னும் நெருங்கி வந்தாள். குரல் இருந்தது. "போன வாரம் கக்காக் இருக்காங்கன்னுதானே சொன்னீங்க?"

"அது தப்பான பதில் டீச்சர். நான் யோசிச்சுப் பார்த்தேன். அந்தக் கக்காக் தெனமும் விடிஞ்சதும் என் நெத்தியில கட்டைவிரலால சிலுவை போடுது. இந்தோனேசியாக்காரப் பொண்ணு எதுக்கு டீச்சர் சிலுவை போடப்போகுது? எங்க வீட்டுல அவ அம்மா போடுவா. அப்புறம் யாரு? மகதானே?" அவர் ஊசி இல்லாத கையைத் தூக்கி நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இத்தனை நாளா பக்கத்துலயே இருந்திருக்கா. நான்தான் கக்காக் கக்காக்குன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேன். பாவம் பிள்ளை."

"அவங்க ஒங்ககூட பேச மாட்டாங்களே."

"பேசாட்டி என்னங்க," என்றார் வாலண்டைன். "நான் பேசுறேன் இல்ல, அவ கேட்டுக்குவா."

"சரியான விடை," என்றாள் டோரிஸ். அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பாக்சிக் ரம்லி தன் முறைக்காக வெகு நேரமாகப் 'பேரப்பிள்ளைகள்' என்ற சொல்லை வாய்க்குள்ளேயே உருட்டிப் பழகிக்கொண்டிருந்தார். அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போய், உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.